கை நனைக்காமல் வந்த கூட்டம்

பல வருஷமாக இதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத உட்காருவேன். மேலே பெருமாள் பெயரைப் போடுவேன். கீழே நாலு வரி எழுதிப் படித்துப் பார்த்தால், பக்கத்து ஊரில் தூறல் போட்டதைச் சொல்வது போல இருக்கும். சரி, கொஞ்சம் அழுத்தி எழுதுவோம் என்று மறுபடி எழுதினால் ஒப்பாரி வைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டையும் கிழித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். "கிழிக்கிறதுக்குன்னே நோட்டு வாங்குறீங்க" என்று என் மனைவி ஒரு நாள் சொன்னாள். இப்போது எழுதும்போதும் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊருக்கு வந்த கஷ்டமே அந்த இடத்தில்தான் வந்தது என்பதால் தயக்கம் இன்னும் கூடிப்போயிற்று.

எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே இருக்கிறது. மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்கு அதுதான் வேண்டும் என்பதால் எங்கள் பக்கம் பெரிய பெரிய குழிகள். மைன்ஸ் என்று சொல்வோம். குழி ஆழமாகப் போகப் போகச் சுற்றுவட்டாரத் தண்ணீர் எல்லாம் அதற்குள் வடிந்துவிடும். அவர்கள் அதைப் பம்பு வைத்து இறைத்து ஓடையில் விடுவார்கள். கிணற்றுக்காரன் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வடக்கே இருந்த ஒரு குழியை எங்கள் நிலங்களின் வரப்பு வரைக்கும் நீட்டப் போகிறார்கள் என்றும், அதற்கு முன்னால் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள் என்றும் ஒரு நாள் தகவல் வந்தது.

எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர். அதற்கு ஒரு கிணறு. மக்காச்சோளம் போடுவேன், ஒரு ஓரத்தில் கடலை. கிணற்று மேட்டில் என் மனைவி ஒரு பாத்தி துளசி வைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயிலுக்கு அதுதான் போகும். வேறு வரும்படி கிடையாது. மகளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் சொந்த வீட்டில் இருந்துகொண்டு காலத்தைத் தள்ளலாம். தண்ணீர் போனால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். குழி ஏற்கெனவே நெருங்கியிருந்த நிலங்களில் போர் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. மாவு மாதிரிப் புழுதிதான் வந்தது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டால் கை நனைத்துவிட்டோம் என்போம். கை நனைத்தால் அவர்கள் சொன்னதற்கு இசைந்தோம் என்று அர்த்தம். இசையவில்லை என்றால் கை நனைக்கக் கூடாது. என் மகளைப் பார்க்கக் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. வந்தவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள், வெயிலைப் பற்றி, பருத்தி விலையைப் பற்றி எல்லாம் சொன்னார்கள். ஆனால் வைத்த காபி வைத்தபடி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஏன் யாரும் கை நனைக்கல? எங்ககிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க" என்று கேட்டாள். அப்புறம்தான் அவர்கள் வாய் திறந்து, பையனுக்கு வேறு இடத்தில் மனசு இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னார்கள். இதுதான் முறை. வந்தவன் தானாக எடுத்த எடுப்பில் முடியாது என்று அடித்துப் பேசினால் அது மரியாதை இல்லை. தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரன் பதறிப்போய் என்ன குறை என்று கேட்க வேண்டும். கேட்டபிறகு எவ்வளவு கடுமையாகவும் பேசலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பங்காளிச் சண்டை, கோயில் தகராறு எல்லாவற்றிலும் இப்படித்தான். எங்கள் ஊரில் ஒருவன் கத்தினால் போதையில் இருக்கிறான் என்பார்கள். ஒருவன் தண்ணீர்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் ஊரே நடுங்கும்.

கருத்துக் கேட்புக்கு முன்னால் பெருமாள் கோயில் வாசலில் ஊர் கூடியது. என் மனைவியின் அண்ணன்தான், என் மச்சான், முன்னால் நின்று பேசினார். அவருக்கும் நிலம் எங்கள் வரப்பை ஒட்டித்தான். நல்ல குரல். திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்பெல்லாம் அவர்தான் செய்வார்.

"கத்திடுவோம் மாமா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

"நீ கத்து. போன வருஷம் கபடியில கத்துனியே, அந்த மாதிரி. போலீசுக்காரன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போவான், ஒன்னை ஜாமீன்ல எடுக்கவே எங்களுக்கு நேரம் சரியா இருக்கும்" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். "பின்ன என்னதான் பண்றது?" என்றான் அவன்.

"எத்தனை பேரு போனாலும் ஒரு ஆளு கை நனைக்கக் கூடாது. டீ குடுப்பான், வடை குடுப்பான், தொடக் கூடாது. நான் ஒருத்தன் எழுந்து மரியாதையா நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துக்குறேன். மொத்த ஊரும் தொடாம உக்காந்திருந்தா அவங்களுக்கே தூக்கிவாரிப் போடும். ஏன்யா தொடலன்னு கேப்பாங்கல்ல? கேக்கட்டும். அப்ப நான் பேசுறேன் பாரு."

அவர் என்ன பேசப் போகிறார் என்பதை அந்த வாசலிலேயே பேசிக் காட்டினார். வறண்ட கிணறுகள் ஒவ்வொன்றையும் சொன்னார். வெடி வைக்கும்போது வீட்டுச் சுவர் விரிசல் விடுவதைச் சொன்னார். எங்கள் பெண்கள் குடத்தோடு எங்கெங்கே அலைகிறார்கள் என்று சொன்னார். "இந்த மண்ணு போனா நாங்க போனோம்னு எழுதிக்குங்க" என்று முடித்தபோது பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பட்டர் கற்பூரம் காட்டினார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கை நனைப்பதில்லை என்று பெருமாள் முன்னால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

கூட்டம் அரியலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் நீள மேசை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் போலீஸ். நடுவில் ஒருவர் கேமராவை வைத்துச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு கொடுத்தார்கள். கேசரி, வடை, பக்கத்தில் டீ. வாங்கிக் காலடியில் வைத்துவிட்டோம். கேசரியில் முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த ஒருவர், "பாவிங்க, இன்னைக்கின்னு பாத்து நல்லா செஞ்சிருக்கான்" என்று முணுமுணுத்தார். என் மனைவி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மைக் பிடித்தார். எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொண்டார். எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. இருகரம் கூப்பி, மனமார, உளமார, நெஞ்சார வரவேற்பதாகச் சொன்னார். இந்தத் திட்டம் மட்டும் வராவிட்டால் இப்பகுதியே இருண்டுவிடும் என்று மேசையில் தட்டினார். அடுத்து வந்தவரும் அப்படியே. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டு. பின் வரிசையில் கைதட்டல்.

பிறகு மச்சானைக் கூப்பிட்டார்கள். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். மைக்கைக்கூடச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எங்க ஊருல கெணத்துத் தண்ணி கொறைஞ்சிக்கிட்டு வருதுங்க. குழி இன்னும் கிட்ட வந்தா இருக்கிறதும் போயிடும். பெரியவங்க நீங்க மனசு வைக்கணுங்க" என்றார். கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் காலடியில் டீ ஆறிப்போயிருந்தது.

இனிமேல் கேள்வி வரும் என்று காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. மண்டபம் நிறையத் தட்டுகள், ஒன்றில்கூடக் கை படவில்லை. கேமராக்காரர் எங்கள் வரிசைக்கு வந்தபோது சிலர் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தார்கள், படத்தில் விழட்டும் என்று. அவர் முகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேடையில் நடுவில் இருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். யாரும் எழவில்லை. அது நாங்கள் எதிர்பார்த்த கேள்வி இல்லையே. மறுபடியும் கேட்டார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "இவ்வளவு அமைதியா ஒத்துழைப்பு கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லி எழுந்தார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "இன்னும் கேக்கலையே மாப்ள" என்றார்.

"வெளியில வச்சிக் கேப்பாங்களோ என்னமோ மச்சான்."

வெளியே வந்தோம். ஜீப்புகள் கிளம்பிக்கொண்டிருந்தன. உள்ளே சமையல்காரர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டு, "அவ்வளவும் மிஞ்சிப்போச்சு சார்" என்று யாரிடமோ சொன்னார். "வூட்லயே சாப்ட்டுட்டு வந்திருப்பாங்கப்பா, கிராமத்து ஆளுங்கல்ல" என்று அந்த ஆள் பதில் சொன்னது எங்கள் காதில் நன்றாக விழுந்தது.

அப்படியும் நாங்கள் தளரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வண்டியில் திரும்பும்போது ஊரே சந்தோஷமாகத்தான் இருந்தது. பசி வேறு. "ஒரு ஆளு தொடலயே, எப்புடி" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். மச்சான் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நாலைந்து நாளில் யாராவது அதிகாரி ஊருக்கு வந்து என்ன குறை என்று கேட்பார் என்று பேசிக்கொண்டோம். என் மனைவி வாசலைப் பெருக்கி, நல்ல நாற்காலி இரண்டை எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். யாரும் வரவில்லை.

பெரம்பலூரிலிருந்து மகள் ஒரு நாள் போன் செய்தாள். கூட்டத்தில் நடந்ததை எழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்றும் படிக்கிறேன் என்றும் சொன்னாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மச்சானும் இருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் பேசியது முழுசாக இருந்தது. மனமார, உளமார, நெஞ்சார, எல்லாமும். மற்றவர் பேசியதும் அப்படியே. மச்சான் பேசியது ஒரே வரி. ஒருவர் நிலத்தடி நீர் குறித்து ஐயம் தெரிவித்தார், உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என விளக்கமளிக்கப்பட்டது. கடைசியில், பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு அமைதியான முறையில் ஒத்துழைப்பு நல்கினர், ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை என்று இருந்தது.

"நாங்க சாப்புடாதத எழுதலயா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா" என்றாள் மகள்.

"ஏன்?"

"யம்மா, நீங்க பேசியிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னாள். மச்சான் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எழுத்தில்தான் ஏறும் என்றால் எழுத்திலேயே கொடுப்போம் என்று திங்கட்கிழமை மனு நாளுக்கு நானும் மனைவியும் அரியலூர் போனோம். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு அடித்துக்கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். நான் சொல்லச் சொல்ல மடமடவென்று அடித்தாள்.

"ஐயா, இந்த வரிய தடியாப் போடவா?"

"தடியான்னா?"

"எழுத்து அழுத்தமாத் தெரியும். இல்லாட்டி கீழ கோடு போடுறேன். ரெண்டுமே வேணும்னாலும் போடலாம். மேல 'மிக மிக அவசரம்'னு செகப்புல போட்டுக்குடுக்குறேன், எல்லாரும் போடுறதுதான்."

"எல்லாரும் போட்டா எப்புடிம்மா தெரியும்?" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரித்தாள். "போடாட்டி இன்னும் தெரியாதும்மா. கடைசியில குடும்பத்தோட உயிர விடுறதத் தவிர வேற வழியில்லன்னு ஒரு வரி ரெடியா இருக்கு. சேத்துடட்டுமா? அது இருந்தா கொஞ்சம் பாப்பாங்க."

என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். மேலே பெருமாள் துணை என்று இருந்தது. "அது வேணாம்மா. அவரு பேரப் போட்டுட்டு அப்புடி எழுதக் கூடாது. நாங்க சாகப்போறதில்ல, கெணறுதான் சாகப்போவுது. அத எழுது" என்றாள்.

அதையே எழுதினோம். தடியெழுத்து இல்லை, கோடு இல்லை. கிணற்றின் ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம், குழி எந்தப் பக்கம், இவ்வளவுதான். ரசீது கொடுத்தார்கள். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. கருத்துக் கேட்பில் ஆட்சேபணை பதிவாகவில்லை என்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று.

அடுத்த தடவை நான் மட்டும் போனேன். மனைவியிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் எல்லா வரிக்கும் கோடு போடச் சொன்னேன். எல்லாவற்றையும் தடியெழுத்தில் அடிக்கச் சொன்னேன். மிக மிக அவசரம் சிவப்பில். உயிர் விடுகிற வரியை மட்டும் சேர்க்க மனம் வரவில்லை. மனு வாங்கும் இடத்தில் இருந்தவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோபக்காரர் இல்லை, களைத்துப்போயிருந்தார். "பெரியவரே, எல்லாத்துக்கும் கீழ கோடு போட்டா நான் எதைப் படிக்கிறது? காலையிலேருந்து வந்த அத்தனையும் இப்படித்தான் இருக்கு. நீங்களே பாருங்க" என்று மேசையைக் காட்டினார். ஒரு அடுக்குத் தாள். மேல் தாள் வேறு ஊர்க்காரர் யாருடையதோ, அதிலும் சிவப்பில் மிக மிக அவசரம். அந்த அடுக்கின் நடுவே என்னுடையதைச் செருகினார். அப்புறம் எனக்கே எது என்னுடையது என்று தெரியவில்லை.

வெடிச்சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. மச்சான் கிணறு முதலில் போயிற்று, அது எங்களுடையதைவிட மேட்டில் இருந்தது. அன்றைக்கு அவரும் நானும் மனைவியும் ஆபீசுக்குப் போனோம். ஒரு சின்ன அறையில் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பியூன் டீ கொண்டுவந்து வைத்தார். மச்சான் அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த அதிகாரி, கையில் அந்தக் கூட்டத்தின் பதிவை வைத்துக்கொண்டு, "ஊரே ஒத்துழைச்சிருக்கீங்க. இப்ப வந்து சொன்னா எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

மச்சான் டீ டம்ளரைப் புறங்கையால் தட்டிவிட்டார். எழுந்து நின்று கத்தினார். கோயில் வாசலில் எங்களுக்குப் பேசிக் காட்டியதைத்தான் கத்தினார், ஆனால் எதுவும் வரிசையில் இல்லை. சுவர், குடம், கிணறு, வெடி என்று துண்டு துண்டாக வந்தது. "கேட்டியாய்யா? ஒரு வார்த்தை கேட்டியா, ஏன் தொடலன்னு?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எதைத் தொடவில்லை என்று பியூனிடம் கேட்டார். போலீஸ் வந்தது. வயதானவர் என்பதால் கேஸ் போடாமல், உணர்ச்சிவசப்பட்டு நடந்துகொண்டேன், இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். என் மனைவி தரையில் சிந்தின டீயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், துடைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது, "சும்மா இருந்தா ஒத்துக்கிட்டோம்கிறான். சத்தம் போட்டா ஒழுங்கு இல்லேங்கிறான். நடுவுல எந்தக் கொரல்லதாண்டி பேசணும்?" என்று தங்கையிடம் கேட்டார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. திருவிழாவுக்கு மைக் பிடிக்கக் கூப்பிட்டார்கள், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது திருமானூர்ப் பக்கம் ஒருவருடைய கரும்புத் தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறார். அங்கே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. போன் செய்தால், "இருக்கேன் மாப்ள" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் கிணறு ஒரேயடியாகப் போகவில்லை. மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் இறைக்கும், பிறகு காற்றை இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி எங்கிருந்தாலும் ஓடிவந்து சுவிட்சை நிறுத்துவாள். இறைக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. மக்காச்சோளம் கதிர் வைக்கும் சமயத்தில் ஒரு நாள் காலையில் மோட்டார் எடுத்ததுமே காற்றைத்தான் இழுத்தது. அவள் நிறுத்திவிட்டு மேட்டில் உட்கார்ந்தாள். கீழே பாறை ஈரமில்லாமல் வெளுத்துத் தெரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க பெருமாள்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"தெனமும்தான் சொல்றேன்."

"எப்புடி சொன்னீங்க?"

எப்படிச் சொல்வேன். விளக்கேற்றி, கும்பிட்டு, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மெதுவாகத்தான் சொல்வேன். அவரிடம் நான் ஒரு நாளும் எதையும் அழுத்திச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாதா என்ற நம்பிக்கைதான். "எப்பவும் சொல்ற மாதிரிதான்" என்றேன்.

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள். பிறகு, "சத்தமா சொல்லியிருக்கணுமோ" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை. அதற்குப் பிறகும் நாமம் போடுவதை நான் விடவில்லை, விளக்கேற்றுவதை அவள் விடவில்லை. ஆனால் கும்பிடும்போது ஒரு இடத்தில் வந்து இரண்டு பேருமே நின்றுவிடுகிறோம். அதற்குமேல் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

துளசிப் பாத்தி காய்ந்துவிட்டது. சனிக்கிழமைக்கு இப்போது கடைத்தெருவில் வாங்குகிறோம். மைன்ஸ்காரர்களே ஊருக்கு டேங்கரில் தண்ணீர் அனுப்புகிறார்கள். வண்டி வந்து ஹாரன் அடித்தால் எல்லோரும் குடத்தோடு ஓடுகிறோம், நாங்களும்தான். முதல் நாள் என் மனைவி போகவில்லை. இரண்டாம் நாள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை, போனாள். மாட்டை விற்றாயிற்று. நிலத்தைக் கேட்டு ஒரு ஆள் வந்தார், மைன்ஸுக்காகத்தான். அவர்கள் சொன்னதுதான் விலை. எதிர்த்துப் பேச எனக்குள் சத்தம் எதுவும் இல்லை. மகள் பெரம்பலூருக்கு வந்துவிடுங்கள் என்கிறாள். வரும் புரட்டாசி முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம். பெருமாள் படத்தை யார் எடுத்துக்கொண்டு போவது, கோயிலில் கொடுத்துவிடுவதா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது இதைச் சொன்னால் அப்படியே சொல்லுங்கள். நாங்கள் கத்தினோம் என்று சொல்ல வேண்டாம், மச்சான் ஒருவர் ஒரு நாள்தான் கத்தினார். நாங்கள் சம்மதித்தோம் என்றும் சொல்ல வேண்டாம். கேட்கிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக எங்கேயும் ஒரு வார்த்தையைக் கூட்ட வேண்டாம், நேரமில்லை என்று குறைக்கவும் வேண்டாம். ஒரு ஊர் பூராவும் பசியோடு உட்கார்ந்து, கொடுத்ததைத் தொடாமல், ஏன் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தது. யாரும் கேட்கவில்லை. இதை எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாவிட்டால், இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே படித்துக் காட்டிவிடுங்கள்.